ஒரு முழத் தண்ணீரில் சரக்குப் படகு: கொலராடோ ஆற்றின் அனுபவம்

சரக்கைத் தரைவழியாகக் கொண்டுசெல்வதைவிட நீர்வழியாகக் கொண்டுசெல்வது மலிவானது என்று பொருளாதாரப் பாடங்களில் படிக்கிறோம். மிதக்கும் பொருளை நகர்த்தக் குறைந்த விசையே போதும் என்பதால் அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த விதி சொல்லப்படாத இரண்டு நிபந்தனைகளைச் சார்ந்திருக்கிறது: ஆற்றில் போதிய ஆழம் இருக்க வேண்டும், அந்த ஆழம் ஆண்டின் பெரும்பகுதியில் நிலைத்திருக்க வேண்டும். பாலைவனத்தின் ஊடாக ஓடும் ஆழமற்ற ஆறு இந்த இரண்டையுமே எளிதில் தருவதில்லை. அப்படிப்பட்ட ஆற்றில் வணிக முறையில் சரக்குப் படகு ஓட்டுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதை, அமெரிக்காவின் தென்மேற்கில் ஓடும் கொலராடோ ஆற்றை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1852 முதல் 1909 வரை நீராவிப் படகுகள் உண்மையாகவே சரக்கு ஏற்றிச் சென்றன. ஆகவே வெறும் கற்பனைக் கணக்காக இல்லாமல், நடந்ததைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ள முடியும்.

அங்கே படகு ஓட்ட வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதை முதலில் பார்க்கலாம். கலிபோர்னியாவுக்குச் செல்லும் தெற்குப் பாதை கொலராடோவைக் கடக்கும் இடத்தில், 1850இல் அமெரிக்க ராணுவம் யூமா கோட்டையை நிறுவியது. கோட்டையில் இருப்பவர்களுக்கு மாவு, உப்பிட்ட இறைச்சி, வெடிமருந்து என எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. சான் டியாகோவிலிருந்து கோவேறு கழுதைகளும் மாட்டு வண்டிகளும் நீரற்ற மணல்வெளியைத் தாண்டி வருவதற்குப் பெரும் செலவும் காலமும் ஆயின. கடல்வழியாகக் கலிபோர்னியா வளைகுடாவின் தலைப்பகுதிக்குச் சரக்கைக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆற்றின் எதிர்நீரோட்டத்தில் ஏற்றிச் சென்றால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வலுப்பெற்றது. லெப்டினன்ட் ஜார்ஜ் டெர்பி என்பவர் 1850ஆம் ஆண்டின் இறுதியில் 'இன்வின்சிபிள்' என்ற பாய்க்கப்பலில் வந்து கழிமுகத்தை அளந்து பார்த்தார். அவருடைய கப்பலால் ஆற்றில் வெகுதூரம் நுழைய இயலவில்லை. ஆனால் குறைந்த ஆழத்தில் மிதக்கும் நீராவிப் படகினால் இயலும் என்று அவர் பரிந்துரைத்தார்.

இந்தத் தொழிலின் மையமான கருத்து, ஒரு படகு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதாகும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும் என்ற ஆர்க்கிமிடீசின் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். ஒரே எடையுள்ள குடமும் தாம்பாளமும் தண்ணீரில் விடப்பட்டால், அகலமான தாம்பாளம் மிகக் குறைவாகவே அமிழும். ஆழமற்ற ஆற்றுக்கான படகும் அதே காரணத்தால் நீளமாகவும் அகலமாகவும் தட்டையான அடிப்பகுதியுடனும் கட்டப்படுகிறது.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 40 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள, பெட்டி போன்ற தட்டையான படகு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் அடிப்பரப்பு 360 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 3.6 கன மீட்டர் நீரை, அதாவது 3.6 டன் நீரை இடம்பெயர்க்கும். எனவே ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் 3.6 டன் சரக்கு ஏற்றலாம். வெறும் படகே தன் மரச்சட்டம், கொதிகலன், எந்திரம் ஆகியவற்றின் எடையால் 45 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் ஆழம் 75 சென்டிமீட்டர். அடியில் உரசாமலிருக்க 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சரக்குக்கு மிஞ்சுவது 25 சென்டிமீட்டர். ஆக 90 டன் ஏற்றலாம். இப்போது ஆற்றின் ஆழம் 15 சென்டிமீட்டர் குறைகிறது. சரக்குக்கு மிஞ்சுவது 10 சென்டிமீட்டர் மட்டுமே. 36 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. தண்ணீர் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. சரக்கு குறைந்ததோ ஐந்தில் மூன்று பங்கு. உண்மையான படகுகளின் முனைகள் வளைந்திருப்பதால் எண்கள் சற்று மாறும் என்றாலும், இந்த விகிதத்தின் கொடுமை மாறுவதில்லை. மாலுமிகளின் கூலியும் விறகுச் செலவும் சரக்கு குறைந்ததற்கு ஏற்பக் குறைவதில்லை என்பதையும் இத்துடன் சேர்த்து நினைத்துப் பார்த்தால், கரையிலுள்ளவர்களுக்கு அற்பமாகத் தோன்றும், ஒரு சாணுக்கும் குறைவான நீர்மட்ட வேறுபாடு படகு உரிமையாளருக்கு எத்தகைய இழப்பு என்பது புரியும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. படகு நகரும்போது அதன் அடிப்பகுதிக்கும் ஆற்றுப் படுகைக்கும் இடையிலுள்ள நீர் குறுகிய வழியில் விரைந்து பாய வேண்டியிருக்கிறது. அதனால் அங்கே அழுத்தம் குறைந்து, படகு நின்றிருந்ததைவிடச் சற்று அதிகமாக அமிழ்கிறது. வேகம் கூடக் கூட அமிழ்வும் கூடுகிறது. நீரின் தடையும் ஏறுகிறது. ஆகையால் ஆழமற்ற இடத்தில் எந்திரத்தின் வலுவைக் கூட்டி விரைந்து கடந்துவிடலாம் என்று எண்ணுவது பல நேரங்களில் தரைதட்டுவதில்தான் முடியும்.

பாலைவன ஆறு ஏன் ஆழமற்றிருக்கிறது என்பதற்கு மழையின்மை ஒரு காரணம் மட்டுமே. யூமாவில் ஆண்டுக்குச் சுமார் 80 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. கொலராடோவில் ஓடும் நீர் அங்கே பெய்த மழையன்று. நெடுந்தொலைவிலுள்ள ராக்கி மலைத்தொடரின் பனி உருகி வருவது. எனவே அணைகள் இல்லாத அக்காலத்தில், பனி உருகும் மே முதல் ஜூலை வரையிலான மாதங்களில் ஆறு பெருக்கெடுத்து, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வற்றிச் சுருங்கியது. பாலைவனத்தைக் கடக்கும் நெடும் வழியில் கிளை ஆறுகள் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. வெயிலோ ஓயாமல் நீரை எடுத்துக்கொள்கிறது. சரக்கு வேண்டுபவர்களின் தேவை ஆண்டு முழுவதும் இருக்க, அதைச் சுமக்கும் ஆறு சில மாதங்களே தாராளமாக இருந்தது.

ஆனால் நீரின் அளவைவிடவும் படகோட்டிகளை வாட்டியது அந்நீரில் கலந்திருந்த வண்டலும் மணலும்தான் என்பது என் எண்ணம். செடிகொடிகள் அடர்ந்த நிலத்தில் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பாலைவனத்தில் அந்தப் பிடிப்பு இல்லாததால், திடீரென அடிக்கும் ஒரு மழை மேட்டுநிலத்தின் மண்ணை அப்படியே ஆற்றில் கொட்டிவிடுகிறது. அணைகள் கட்டப்படுவதற்கு முன் கொலராடோ ஆண்டுக்குப் 10 கோடி டன்னுக்கும் மேற்பட்ட வண்டலைச் சுமந்து வந்தது. செந்நிறமான அந்த நீர் வேகம் குறையும் இடங்களிலெல்லாம் சுமையை இறக்கி வைத்தது. கீழ்ப்பகுதியில் நிலம் ஏறக்குறைய சமதளம். யூமா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆற்றின் வளைவுகள் வழியே கடலுக்குள்ள தொலைவோ 200 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே அங்கே மணல்திட்டுகள் ஓயாமல் தோன்றுவதும் கரைவதுமாக இருந்தன. ஆறு ஒரே தடமாக ஓடாமல் பல கிளைகளாகப் பிரிந்து, அவற்றுள் எது ஆழமானது என்பதை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டே இருந்தது.

கடலில் ஓடும் கப்பலுக்கு வரைபடம் உண்டு. ஒருமுறை அளந்த பாறை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். கொலராடோவில் மேலே போகும்போது கண்ட வழி, திரும்பி வரும்போது இல்லாமல் போகக்கூடும். அதனால் அந்த ஆற்றின் கேப்டன்கள் நீரின் மேற்பரப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கே நீர் சலசலக்கிறது, எங்கே வழுவழுப்பாகச் சுழிக்கிறது, எங்கே நிறம் மாறுகிறது என்பதை வைத்து அடியிலுள்ள ஆழத்தை ஊகித்தார்கள். ஐசக் போல்ஹேமஸ், ஜாக் மெலன் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் இந்தத் தொழிலில் இருந்து பேர் பெற்றவர்கள். படகின் முன்புறம் ஒருவர் நீண்ட கோலை நீருக்குள் ஊன்றி ஊன்றி ஆழத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். இருட்டில் எதையும் படிக்க முடியாது என்பதால் இரவில் கரையில் கட்டிப்போட்டுவிட வேண்டும். ஆக ஒவ்வொரு நாளிலும் ஏறக்குறைய பாதி வீணாயிற்று.

அப்படியும் தரைதட்டுவது அன்றாட நிகழ்வுதான். கரையில் நங்கூரத்தையோ மரக்கட்டையையோ ஆழமாகப் புதைத்து, அதில் வடத்தைக் கட்டி, படகிலுள்ள சுழல்பொறியால் வடத்தைச் சுற்றிச் சுற்றிப் படகை இழுப்பது ஒரு வழி. இன்னொரு வழி மேலும் நுட்பமானது. படகைத் திருப்பி, பின்னாலுள்ள துடுப்புச் சக்கரம் மணல்திட்டை நோக்கி இருக்குமாறு வைத்து, அந்தச் சக்கரத்தைச் சுழற்றியே மணலைக் கலைத்து வழி தோண்டிக்கொண்டு பின்புறமாக ஊர்ந்து கடப்பார்கள். இதற்கெல்லாம் சில மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். எத்தனை நாளில் சரக்கு வந்து சேரும் என்ற கேள்விக்கு நேர்மையான எந்தப் படகு உரிமையாளராலும் உறுதியான பதில் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

படகின் வடிவமைப்பும் பட்டுப் பட்டுத்தான் சீர்பட்டது. கேப்டன் ஜேம்ஸ் டர்ன்புல்லின் 'அங்கிள் சாம்', 65 அடி நீளமும் 20 குதிரைத்திறன் எந்திரமும் கொண்டது. நீரோட்டத்தை எதிர்த்துப் பதினைந்து நாட்கள் போராடி 1852 டிசம்பரில் யூமா கோட்டையை அடைந்தது. வலு போதாத அந்தப் படகு நெடுநாள் நீடிக்கவில்லை. அடுத்து ஜார்ஜ் அலோன்சோ ஜான்சனும் அவருடைய கூட்டாளிகளும் 104 அடி நீளமுள்ள 'ஜெனரல் ஜெசப்' படகை 1854இல் இறக்கினார்கள். இந்த இரண்டிலும் சக்கரங்கள் இருபக்கமும் இருந்தன. 1855இல் வந்த 'கொலராடோ' என்ற படகில்தான் சக்கரம் பின்புறத்துக்கு மாறியது. பின்சக்கரம் உள்ள படகு குறுகலான தடத்தில் நுழையும். மிதந்து வரும் மரங்கள் சக்கரத்தை எளிதில் நொறுக்குவதில்லை. அதோடு மேலே சொன்ன மணல் தோண்டும் வேலையும் அதனால்தான் சாத்தியமாயிற்று. 1859இல் கட்டப்பட்ட 'கோகோபா' 140 அடி நீளம் இருந்தும் 19 அங்குலமே, ஏறக்குறைய ஒரு முழமே, அமிழ்ந்தது. ஆற்றை அறிந்தவர்கள் கட்டிய படகுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அறியாதவர்கள் கட்டியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. லெப்டினன்ட் ஜோசப் ஐவ்ஸ் 1857இல் ஆற்றை ஆராய்வதற்காக 'எக்ஸ்ப்ளோரர்' என்ற 54 அடி இரும்புப் படகைப் பிலடெல்பியாவில் செய்வித்து, பகுதி பகுதியாகப் பிரித்துப் பனாமா வழியாகக் கொண்டுவந்து, கழிமுகச் சேற்றில் பூட்டி இறக்கினார். உறுதிக்காக அதன் அடிப்பகுதியில் வெளிப்புறமாகவே மரச்சட்டங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு சென்டிமீட்டரும் விலைமதிப்புள்ள ஆற்றில் அந்தச் சட்டங்களே மணல்திட்டுகளில் சிக்கி இழுத்துப் பிடித்தன. அந்தப் படகு 1858 மார்ச்சில் பிளாக் கேன்யன் என்னும் மலையிடுக்கின் வாயிலில் பாறையில் மோதி நின்றது. பின்னாளில் அது கட்டறுந்து டெல்டாவில் தொலைந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டபோது, ஆறு அவ்விடத்தைக் கைவிட்டு வெகுதொலைவு விலகிப் போயிருந்தது.

ஆற்றுக்குள் வருவதற்கு முன்பே கழிமுகம் ஒரு தனிச் சோதனையாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்படும் பாய்க்கப்பல், பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு 3,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வளைகுடாவின் தலைப்பகுதிக்கு வர வேண்டும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறி இறங்கும் உயரம் 7 மீட்டரையும் தாண்டும். கடல் ஏறும்போது, ஆற்றை எதிர்த்து ஒரு நீர்ச்சுவரே இரைந்துகொண்டு உள்ளே பாய்ந்து வந்தது. அதை அப்பகுதி மக்கள் 'எல் புர்ரோ' என்று அழைத்தார்கள். கடல் இறங்கும்போது படகுகள் சேற்றில் குந்திவிடும். இத்தகைய இடத்தில்தான் கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்குச் சரக்கை மாற்ற வேண்டியிருந்தது. 1860களின் நடுவில், மெக்சிகோவின் சொனோரா கரையில் போர்ட் இசபெல் என்னும் இடத்தில் படகுகளைப் பழுதுபார்க்கும் துறை அமைந்த பிறகே நிலைமை ஓரளவு சீரானது. ஒவ்வொரு முறை சரக்கைக் கை மாற்றும்போதும் கூலி, சேதம், காத்திருப்பு ஆகிய மூன்றும் விலையில் ஏறின.

எரிபொருள் அடுத்த கவலை. நிலக்கரி அங்கே கிடைக்காது. கரையோரம் வளர்ந்த மெஸ்கீட், காட்டன்வுட், வில்லோ மரங்களின் விறகுதான் கொதிகலனுக்கு உணவு. மெஸ்கீட் நமக்கு அந்நியமான மரமன்று. தமிழ்நாட்டில் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்படும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது, அதைப் போலவே நின்று எரியும். விறகு முழுவதையும் புறப்படும்போதே ஏற்றினால் சரக்குக்கு இடம் இராது. நம் கணக்குப்படி 10 டன் விறகு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆழத்தை விழுங்கிவிடும். ஆகவே கரை நெடுகிலும் விறகுத் துறைகள் வைத்து, வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டார்கள். கோகோபா முதலிய பூர்வகுடி மக்களே அங்கே விறகு வெட்டினார்கள். படகுகளிலும் வேலை செய்தார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் கேப்டன்களின் பெயர்கள் நிலைத்திருக்க, உண்மையில் படகுகளை ஓடவைத்த இவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் பதிவாகாமல் போனது வருத்தத்துக்குரியது. ஆற்று நீரையே கொதிகலனில் ஊற்ற வேண்டியிருந்ததால் சேறு உள்ளே படிந்து, அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்யும் வேலையும் சேர்ந்துகொண்டது.

1862இல் லா பாஸ் என்னுமிடத்தில் தங்கம் கிடைத்ததும் ஆற்றங்கரையில் சுரங்கக்காரர்கள் குவிந்தார்கள். சரக்கின் தேவை திடீரெனப் பெருகிற்று. அந்த ஆண்டுகளில் நீர் குறைந்த மாதங்களில் கரையில் தேங்கிக் கிடந்த பொதிகளை இருந்த படகுகளால் எடுத்துத் தீர்க்க முடியவில்லை. வணிகர்களின் குறையைக் கேட்டுப் போட்டியாளர்கள் முளைத்தார்கள். அவர்களுள் தாமஸ் ட்ரூவர்த்தி என்பவர், நீராவிப் படகின் பின்னால் எந்திரமில்லாத சரக்குத் தோணியை இழுத்துச் செல்லும் முறையைக் கையாண்டார். நம் கணக்கின்படி பார்த்தால் இது மிகச் சரியான தீர்வு: எந்திரமும் கொதிகலனும் இல்லாத தோணி தன் எடையால் மிகக் குறைவாகவே அமிழும், ஆகவே அதே ஆழத்தில் சரக்குக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும். ஆனால் வளைவுகள் மிகுந்த குறுகிய தடத்தில், எதிர்நீரோட்டத்தில், தோணியைப் பின்னால் கட்டி இழுப்பது கேப்டனுக்குக் கூடுதல் பாரம்தான்.

ஊர்களும் ஆற்றை நம்ப முடியவில்லை. தங்கத்தால் எழுந்த லா பாஸை விட்டு ஆறு மேற்கே விலகிப் போனதும் அதன் படகுத்துறை வறண்டு நின்றது. வணிகம் அருகிலிருந்த எரன்பர்க்குக்கு நகர்ந்தது. துறைக்கென்று கிடங்கு கட்டி முதலீடு செய்பவருக்கு இதைவிடப் பெரிய இடர் என்ன இருக்க முடியும்? மேலே செல்லச் செல்ல வேறு விதத் தொல்லை. மலையிடுக்குகளில் மணல் குறைந்து, பாறையும் விரைநீரும் மிகுந்தன. அங்கே பாறைச் சுவரில் இரும்பு வளையங்களை அறைந்து, அவற்றில் வடத்தைப் பூட்டிப் படகைக் கையும் எந்திரமுமாக மேலே இழுத்தார்கள். இப்படி அரும்பாடுபட்டுத்தான் 1879இல் 'கீலா' என்ற படகு, வர்ஜின் ஆறு கலக்கும் இடத்திலிருந்த 'ரியோவில்' என்ற ஊர் வரை சென்றது.

இவ்வளவு இடர்களுக்கு இடையிலும் ஏறக்குறைய கால்நூற்றாண்டு காலம் இந்தப் படகுத் தொழில் இலாபத்துடன் நடந்தது என்றால், அதற்குக் காரணம் ஒன்றுதான்: மாற்று வழி இதைவிட மோசமாக இருந்தது. மாட்டு வண்டியுடன் ஒப்பிடும்வரை தாமதமாகும் படகும் நல்ல படகே. 1877இல் சதர்ன் பசிபிக் ரயில்பாதை யூமாவை எட்டியபோது அந்த ஒப்பீடு மாறிவிட்டது. ரயிலுக்கு வெள்ளக்காலம், வற்றுக்காலம் என்ற பேதமில்லை. இன்ன நாளில் வரும் என்று சொல்லிவிட்டு வந்து சேரும். கழிமுகத்து வழி உடனே தேவையற்றதாகி, போர்ட் இசபெல் கைவிடப்பட்டது. படகு நிறுவனத்தையே ரயில் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதன் பின்னர் படகுகள் யூமாவுக்கு மேலேயிருந்த சுரங்கங்களுக்கு மட்டும், ரயிலிலிருந்து இறக்கிய சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1883இல் நீடில்ஸ் அருகே இன்னொரு ரயில்பாதை ஆற்றைக் கடந்ததும் அந்த வேலையும் சுருங்கியது.

எரிபொருள் பற்றிய கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதை, ஆற்றின் மேற்பகுதியில் நடந்த பிந்தைய முயற்சி ஒன்று காட்டுகிறது. அரிசோனாவின் லீஸ் ஃபெரியில் தங்கம் பிரிக்க முயன்ற சார்லஸ் ஸ்பென்சரின் நிறுவனத்துக்கு நிலக்கரி தேவைப்பட்டது. அது சுமார் 45 கிலோமீட்டர் மேலே, வார்ம் கிரீக் பகுதியில் கிடைத்தது. அதை ஆற்றில் கொண்டுவரலாம் என்று கருதி, 92 அடி நீளமுள்ள பின்சக்கரப் படகொன்றைச் சான் பிரான்சிஸ்கோவில் செய்வித்து, பிரித்து ரயிலிலும் வண்டியிலும் கொண்டுவந்து, ஆற்றங்கரையில் பூட்டி, 1912இல் ஓட விட்டார்கள். நிலக்கரியுடன் கீழே வருவதற்கு நீரோட்டமே துணைநின்றது. ஆனால் வெறும் படகாக எதிர்நீரோட்டத்தில் மீண்டும் மேலே ஏறுவதற்கு, அது சுமந்து வந்த நிலக்கரியில் பெரும்பகுதியை அதற்கே எரிக்க வேண்டியிருந்தது. சில நடைகளுக்குப் பின் படகு கரையில் கட்டப்பட்டு அங்கேயே மூழ்கியது. அதன் கொதிகலனும் சிதைவுகளும் லீஸ் ஃபெரியில் இன்றும் கிடக்கின்றன.

கீழ்ப்பகுதியில் படகுத் தொழிலின் முடிவு நீரின் வேறொரு பயனிலிருந்து வந்தது. பாலைவனத்தில் ஓடும் ஆற்றின் நீருக்குச் சரக்கு சுமப்பதைவிட வயலுக்குப் பாய்வதில் அதிக மதிப்பு உண்டு. வயலுக்குத் திருப்பிய ஒவ்வொரு கன மீட்டரும் படகின் கீழிருந்து போனதுதான். 1909இல் யூமாவுக்கு மேலே பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட லகூனா அணை, ஆற்றின் கீழும் மேலும் தொடர்ந்து நடந்த போக்குவரத்தைத் துண்டித்தது. அதற்குப் பிறகு எஞ்சியிருந்த படகுகளுள் 'சர்ச்லைட்' என்பது சரக்கு வணிகத்தை விட்டு, வெள்ளக்கரைகளைப் பேணும் அரசின் பாசனத்துறைக்கு வேலை செய்தது.